பக்கத்து மனையில் தோண்டிய பள்ளம்

அந்தத் தெருவில் அவளுக்கு 'இஞ்ச் அக்கா' என்று பேர். எதைச் சொன்னாலும் இஞ்சுக் கணக்கில்தான் சொல்வாள். மழைத் தண்ணீர் வாசலில் தேங்கினால், "நாலு இஞ்சு நிக்குது, செருப்பைக் கையில எடுத்துக்கோ" என்பாள். புருஷனை முதன்முதலில் பார்த்த அன்றுகூட அவர் முகத்தை விட்டுவிட்டு, "தோள் பதினெட்டரை இருக்கும், தைச்சவன்தான் சொதப்பிட்டான்" என்று அம்மாவின் காதைக் கடித்தவள். இப்போது நாற்பத்து நாலு வயது. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் கிடையாது.

மூன்று தளம் உள்ள ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் அவள் வீடு. இரண்டே அறைகள். பின்பக்க அறையில் மூன்று தையல் இயந்திரங்கள், துணி வெட்டும் பலகை, இஸ்திரி மேஜை. புதுத் துணி தைப்பதை அவள் விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. பேன்ட்டைக் குட்டையாக்குவது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று ஆல்டரேஷன் வேலைதான். அதற்கே கை ஓயவில்லை.

முன்பெல்லாம் இப்படி இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருப் பேரைச் சொன்னாலே டாக்சிக்காரர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். விளக்கு கிடையாது. சாக்கடை எப்போது பொங்கும் என்று சாக்கடைக்கே தெரியாது. மேல் மாடியில் இருக்கிற ரிட்டயர்டு தபால்காரர் படியில் சறுக்கி இடுப்பை உடைத்துக்கொண்ட அன்று, ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் நாலு பேர் அவரை ஒரு கதவுப் பலகையில் வைத்துத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து அவருக்குக் கட்டிலும் ஜன்னலும்தான் உலகம்.

அப்புறம் திடீரென்று ஊருக்கு அந்தப் பக்கம் கண் விழுந்தது. தெருவை அகலமாக்கினார்கள். கம்பத்துக்குக் கம்பம் வெள்ளை விளக்கு வந்தது. ஐந்து நிமிஷ நடையில் பெரிய ஆஸ்பத்திரி, அதற்கு எதிரே கண்ணாடி போட்ட ஆபீஸ்கள். நர்சிங் படிக்கிற மகள் சாயங்காலம் தனியாக நடந்து வந்தாள். அவளுக்காக முனையில் போய் நிற்கிற வேலை இஞ்ச் அக்காவுக்கு ஒழிந்தது. ஆபீஸ் பெண்கள் மதிய இடைவேளையில் பேன்ட்டும் கோட்டும் கொண்டுவந்து கொட்ட, ஒரு இயந்திரம் மூன்றானது. போகவேண்டியவர்களும் போனார்கள். வாடகை எகிறியதில் எதிர்வீட்டு சலவைக்காரி போனாள், ரேடியோ ரிப்பேர்க்காரர் போனார். வழியனுப்பிவிட்டு வந்து அவள் மறுபடி மிதியில் காலை வைத்தாள். வந்ததையும் போனதையும் சேர்த்துக்கொண்டுதான் அவள் வாழ்ந்தாள்.

கடைசியாக வந்ததுதான் பள்ளம். கட்டடத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த காலி மனையில் இருபது மாடி எழும்பப் போகிறதாம். அதற்கு முதலில் கீழே நாலு தளத்துக்குத் தோண்ட வேண்டும். காலையில் தொடங்கினால் இருட்டுகிற வரை பொக்லைன் உறுமும். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

இதில் சொல்ல வேண்டிய விஷயம், அந்தப் பள்ளத்து மண்ணை அள்ளிக்கொண்டு போகிற லாரிகளில் ஒன்றை ஓட்டியது அவள் புருஷன்தான். பன்னிரண்டு வருஷம் நெடுந்தூர லாரி ஓட்டியவர். மகள் வளர்ந்ததையே அவள் தூங்குகிற முகத்தில்தான் அவர் பார்த்தார். பள்ளத்து வேலை கிடைத்த பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். முதல் நாள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டபோது யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. விருந்தாளி மாதிரி அவர், "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு திங்கட்கிழமை, கீழே விழுந்த ஊசியைக் காந்தம் வைத்துத் தேடியபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். பின்சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் ஒரு முடி அளவு கோடு. வேறு யாராவது இருந்தால் அலமாரியை நகர்த்தி மறைத்திருப்பார்கள். அவள் பென்சில் எடுத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்தாள். இரண்டுக்கும் நடுவே சரியாக ஒரு இஞ்சு.

அடுத்த திங்கட்கிழமை இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது ஒரு இஞ்சும் ஒரு நூலும் இருந்தது. நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. தையலில் ஒரு நூல் தப்பினால் காலர் கோணிக்கொள்ளும். சுவரில் தப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது.

"ஏங்க, பின்சுவர் வாயைத் திறக்குது" என்றாள் சாப்பாட்டு நேரத்தில்.

"திறக்கட்டும். நாம பேசுறதைக் கேட்டுக் கேட்டு அதுக்கும் ஏதாவது சொல்லணும்னு ஆசை வந்திருக்கும்."

"விளையாடாதீங்க. ஒரு நூல் நகர்ந்திருக்கு. அளந்துட்டுத்தான் சொல்றேன்."

அவர் கையைத் தட்டில் வைத்தபடியே நிறுத்தினார். அவள் அளந்து சொன்னது இதுவரை தப்பியதில்லை என்று அவருக்குத் தெரியும். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் போய் வாயைத் திறந்தேன்னு வை, நாளைக்கே என் வண்டி கேட்டுக்கு வெளியே நிக்கும். அப்புறம் பழையபடி ஊர் ஊரா சுத்தணும். உனக்கு சரின்னா சொல்லு, போய்ப் பேசறேன்."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள்.

மறுநாள் அவளே பள்ளத்துக் கேட்டில் போய் நின்று, சைட் இன்ஜினியரை வீடு வரைக்கும் கூட்டிவந்தாள். முப்பது வயசுக்காரர், மடிப்புக் கலையாத பேன்ட். விரிசலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பழைய பில்டிங்மா. இதுக்கெல்லாம் பயந்தா எப்படி? நாளைக்கு மேஸ்திரியை அனுப்பி பூசித் தர்றேன்."

"சார், நீங்க போட்டிருக்கிற பேன்ட்டை நான்தான் ரெண்டு இஞ்சு குறைச்சேன். தப்பாக் குறைச்சுட்டு, மேலே இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தா வாங்கியிருப்பீங்களா?"

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் மேஸ்திரிதான் வந்தார், பூசினார், போனார். மூன்றாம் நாள் அந்தப் பூச்சின் மேலேயே கோடு விழுந்தது.

நகராட்சிக்கு ஒரு மனு எழுதி, கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனாள். கீழ்த்தளத்தில் ஆணி, பைப், பெயின்ட் விற்கிற கடைக்காரர் மனுவைத் தொடக்கூட இல்லை. "அக்கா, எனக்கு இன்னைக்கு நடக்கிற வியாபாரத்துல பாதி அந்த சைட்டுக்குத்தான். என் வயித்துல நானே அடிச்சுக்கச் சொல்றீங்களா?" என்றார். பக்கத்துப் போர்ஷன் கணக்கு சாருக்கு வேறு கவலை. பள்ளம் தோண்டுகிற அதே கம்பெனிக்கு இந்தக் கட்டடத்தையும் விற்றுத் தர, சொந்தக்காரருக்காக அவர் ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார். "விரிசல்னு நீங்களே எழுதிக் கொடுத்தா எவன் வாங்குவான்? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்கம்மா" என்று கதவைச் சாத்தினார்.

மேல் மாடித் தபால்காரர் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆற அமரக் கையெழுத்துப் போட்டார். "முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவன் கடுதாசியைத் தூக்கினேன். இது ஒண்ணாவது என் கடுதாசியா இருக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், வீட்டைக் காலி பண்ணச் சொன்னா நான் இறங்க மாட்டேன். அன்னைக்குப் பலகையில படுத்துத் தெருவெல்லாம் வேடிக்கை காட்டினது போதும்."

கடைசியாகத் தன் கையெழுத்தைப் போட வந்தபோது இஞ்ச் அக்காவின் பேனாவும் ஒரு கணம் நின்றது. துணி வெட்டும் பலகை மேல் ஆரஞ்சு நிறத்தில் மேல்சட்டைகள் குவிந்திருந்தன. பள்ளத்துத் தொழிலாளிகள் போடுகிறவை. அவற்றில் மினுமினுக்கும் பட்டை வைத்துத் தைக்கிற ஆர்டர், அந்த வருஷத்திலேயே அவளுக்கு வந்த பெரிய ஆர்டர். கடைக்காரரைத் திட்டிக்கொண்டு படியேறியவளுக்குச் சுருக்கென்றது. இந்தக் கட்டடத்தில் யார் வீட்டு அடுப்புதான் பள்ளத்தால் எரியவில்லை? கையெழுத்தைப் போட்டாள்.

ஆபீசில் மனுவை வாங்கி முத்திரை குத்திய குமாஸ்தா, "அடுத்த வாரம் ஆள் வருவாங்க" என்றார்.

"அடுத்த வாரம் எந்த நாள் சார்?"

"வாரத்துல ஏதோ ஒரு நாள்."

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் காலை மழை விட்டிருந்தது. மகள் கல்லூரிக்குக் கிளம்பியபோது வாசல் கதவு திறக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்ததில் நிலைப்படியைத் தேய்த்துக்கொண்டு வந்தது. "ஈரத்துல மரம் ஊதியிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு மகள் ஓடினாள்.

இஞ்ச் அக்கா பின்னறைக்குப் போய் ஸ்கேலை வைத்தாள். நேற்று சாயங்காலம் இரண்டு நூல் இருந்த இடத்தில் இப்போது நாலு நூல். நம்பாமல் மறுபடி வைத்தாள். நாலேதான். அப்போது சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கெட்டித் துணியைக் கையால் கிழிக்கிற மாதிரி, சின்னதாக, பிறகு கொஞ்சம் நீளமாக.

போன் அடித்தது. புருஷன்.

"எங்கே இருக்கே?"

"வீட்டுலதான். ஏங்க, இந்தச் சுவர்..."

"பேசாதே, கேளு. நான் பள்ளத்துக்குள்ள நிக்கிறேன். நம்ம வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில இருந்து தண்ணி பீச்சி அடிக்குது. மண்ணு தானா உதிருது. முட்டுக் கொடுக்கவே இல்லை. சூப்பர்வைசர் இன்னும் ஒரு வரிசை வெட்டச் சொல்றான். நீ இறங்கு. எதையும் எடுக்காதே. எல்லாரையும் இறக்கு."

"நீங்க?"

"நான் வண்டியைச் சரிவுப் பாதைக்குக் குறுக்கே போடப் போறேன். பொக்லைன் நகர முடியாது. இறங்குடி முதல்ல!"

இருபது வருஷத்தில் அவர் அவளை அப்படி அதட்டியதில்லை. அவள் இறங்கவில்லை, ஏறினாள். போகிற வழியில் கணக்கு சார் கதவை உள்ளங்கையால் அறைந்து, "சார், கட்டடம் இறங்குது, வெளியே வாங்க!" என்று கத்தினாள். மேலே தபால்காரரின் மனைவி அடுப்பில் பால் வைத்திருந்தாள். இஞ்ச் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிலருகே போனாள்.

"ஐயா, கீழே போகணும். இப்பவே."

"அன்னைக்கே சொன்னேனே."

"ஐயா, ரெண்டு நூல் விரிசல் நாலு நூலாயிருக்கு. ஒரே ராத்திரியில."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் பார்த்துக்கிறேன்."

"என்னத்தைப் பார்த்துக்குவீங்க?" என்று மனைவி வெடித்தாள். "நீங்க இல்லாம நான் இறங்க மாட்டேன். உங்க ரோஷத்துக்கு ரெண்டு பேரும் சாகணும்னா சொல்லுங்க, உக்கார்றேன்." சொன்னபடியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தும் விட்டாள்.

தபால்காரர் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு இஞ்ச் அக்காவிடம், "பலகை வேண்டாம். நாற்காலி கொண்டா. உக்கார்ந்துக்கிட்டே வர்றேன்" என்றார்.

ஆள் கனமானவர். இரண்டு பெண்களால் ஆகிற காரியமில்லை. இஞ்ச் அக்கா மாடிப்படியில் நின்று கூவினாள். கணக்கு சார் கையில் ஒரு ஃபைலோடு வெளியே வந்து நின்றார். "உங்க கற்பனைக்கு நாங்க ஆடணுமா?" என்று தொடங்கியவர், சுவரிலிருந்து மறுபடி அந்தக் கிழிசல் சத்தம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார். ஃபைலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மேலே ஏறி வந்தார். கீழே இருந்து கடைக்காரரும் வந்தார். தபால்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, சரியாமல் இருக்க இஞ்ச் அக்கா தன் அளவு நாடாவால் கட்டப் போனாள். அது தாங்காது என்று தெரிந்து, கீழே தன் வீட்டுக்கு ஓடிப்போய் வெட்டும் பலகையிலிருந்து நாலு ஆரஞ்சு மேல்சட்டைகளை எடுத்து முடிச்சுப் போட்டு அவர் மார்போடு சேர்த்துக் கட்டினாள். பின்னறையை விட்டு வந்தபோது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். மூன்று இயந்திரங்களும் உறை போட்டுக் கிடந்தன.

இருபத்தாறு படிகள். திருப்பத்தில் நாற்காலி சிக்கியது. கடைக்காரர் கையில் தோல் உரிந்தது. "சாய்க்காதீங்க, சாய்க்காதீங்க" என்று தபால்காரரின் மனைவி பின்னாலேயே வந்தாள். "நான் பார்சல் இல்லைய்யா, மெதுவா" என்றார் தபால்காரர். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் மூச்சு வாங்கியது.

தெருவுக்கு வந்து, எதிர்ப்புறம் நாற்காலியை வைத்தார்கள். கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அது எப்போதும் போல நின்றது.

பத்து நிமிஷம் ஆனது. இருபது நிமிஷம் ஆனது. ஆபீஸ்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். முகம் சிவக்க வந்த இன்ஜினியர், "உங்க வீட்டுக்காரர் வண்டியைக் குறுக்கே போட்டு சாவியைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு நிக்கிறார். உள்ளே இருந்த ஆளுங்க எல்லாம் வேலையை விட்டுட்டு மேலே வந்து அவரோட சண்டை போடறாங்க. ஒரு நாள் வேலை போச்சு. யார் பொறுப்பு?" என்று கத்தினார்.

"நான்தான் பொறுப்பு" என்றாள் அவள்.

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன். போய் ஷட்டரையாவது இழுத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். அவள் ஓடிப்போய் வாசலில் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் உள்ளே போகக் கூடாது."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றார் கணக்கு சார்.

"ஆமா சார், பைத்தியம்தான். சாயங்காலம் வரைக்கும் நிக்கட்டும். நின்னுடுச்சுன்னா நாளைக்கு ஊரைக் கூட்டி என்னைத் திட்டுங்க. கேட்டுக்கிறேன்."

சொல்லும்போதே அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. ஸ்கேலைச் சரியாக வைத்தேனா? ஈரத்தில் மரம் ஊதியதுதானா? அவர் வேலையும் போய், இந்தத் தெருவில் தலைகாட்டவும் முடியாமல் போய்விடுமா? கட்டடம் விழக் கூடாது என்று மனசு ஒரு பக்கம் வேண்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் என்ன வேண்டிக்கொண்டது என்பதை அவள் அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பது நிமிஷம் கழிந்திருக்கும். முதலில் பின்பக்கத்திலிருந்து தண்ணீர்க் குழாய் உடைகிற சத்தம். அவள் காலடியில் படிக்கட்டு நடுங்கியது. யாரோ அவள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். இழுத்தது இன்ஜினியர் என்று பிறகுதான் தெரிந்தது. கட்டடத்தின் பின்பாதி, ஒரு ஆள் மண்டியிடுவது போல் மெதுவாகத் தாழ்ந்தது. அப்புறம் மெதுவாக இல்லை. தூசி எழும்பி எதிர்வரிசை வீடுகளை மறைத்தது. தூசிக்குள்ளிருந்து அவள் பேரைச் சொல்லிப் புருஷன் கூப்பிடுகிற குரல் கேட்டது.

ஒருவரும் சாகவில்லை. பள்ளத்தின் அடியில், சரியாக அந்தச் சுவருக்குக் கீழே கம்பி கட்டிக்கொண்டிருந்த மூன்று பேர், லாரியை எடுக்கச் சொல்லிச் சண்டை போட மேலே வந்திருந்தார்கள். அதில் ஒருத்தர் சாலையோரம் உட்கார்ந்து ரொம்ப நேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை வந்தது. நகராட்சி ஆளும் வந்தார், அவளுடைய மனுவில் போட்ட முத்திரையின் தேதியைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கட்டடம் கட்டுகிற கம்பெனி குடித்தனக்காரர்களுக்கு ஊர்க் கோடியில் வீடு பிடித்துக் கொடுத்தது. புருஷனுக்குப் பள்ளத்து வேலை போனது. கேட்டில் காரணம் எதுவும் சொல்லவில்லை. மறுபடியும் நெடுந்தூரம் ஓடத் தொடங்கினார். இன்ஜினியரை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். கணக்கு சார் அவளிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் புது இடத்தில் அவளுடைய ஒரே இயந்திரத்தை வண்டியிலிருந்து இறக்கி உள்ளே தூக்கிவைக்கச் சொல்லாமலேயே வந்து நின்றார். இடிபாட்டிலிருந்து தேறியது அந்த ஒன்றுதான். தபால்காரர் மட்டும் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். புதுக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. தினம் சக்கர நாற்காலியில் கீழே வந்து உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் வம்புக்கு இழுத்தார்.

அவளுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. அமைதியான இடம், நல்ல காற்று. ஆனால் யாரும் பேன்ட்டைக் குறைக்கச் சொல்லி வரவில்லை. பழைய தெருவிலிருந்து ஆபீஸ் பெண்கள் போன் பண்ணி, "அக்கா, எங்கே போயிட்டீங்க?" என்று கேட்டபடி இருந்தார்கள். படிப்பு முடிந்த மகளுக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்தது. போகவர இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம்.

"திரும்பிப் போயிடலாமா?" என்று இஞ்ச் அக்காதான் முதலில் கேட்டாள்.

"அந்தத் தெருவுக்கா?" என்றார் புருஷன். அப்போதுதான் ஒரு நீண்ட பயணம் முடித்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். "உனக்கு இன்னும் ஆசை தீரலையா?"

"ஆசைன்னு இல்லை. பயமும் இருக்கு. ஆனா பொழப்பு அங்கேதானே இருக்கு. நம்ம பொண்ணு ஒருத்தியா விளக்கு வெளிச்சத்துல நடந்து வந்தது அந்தத் தெருவுலதானே."

ஒரு வாரம் யோசித்தார்கள். இரண்டு முறை சண்டை போட்டார்கள். கடைசியில், அதே தெருவில் நாலு கட்டடம் தள்ளி, ரோட்டைப் பார்த்த ஒரு தரைத்தளப் போர்ஷனை வாடகைக்குப் பிடித்தார்கள். முன்னறையில் இயந்திரம், பின்னறையில் குடித்தனம். பள்ளம் இருந்த இடத்தில் இப்போது கம்பி முட்டுகள் கொடுத்து, ஒன்பதாவது மாடி எழும்பிக்கொண்டிருந்தது. முதல் நாள் அவள் கடையைத் திறந்தபோது, ஹெல்மெட்டும் கையுமாக வந்த தொழிலாளி ஒருத்தர் கிழிந்த மேல்சட்டையை நீட்டி, "சாயங்காலத்துக்குள்ள தைச்சுக் கொடுக்க முடியுமாக்கா?" என்று கேட்டார்.

வாங்கி, தையல் விட்டிருந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தாள். "முடியும். ஆனா நாலு மணிக்கு முன்னால வராதீங்க" என்றாள். அவர் போனதும், நிலைப்படியில் தேய்க்கிறதா என்று கதவை ஒரு முறை சாத்தித் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.